அக்காவின் வயிறு

(ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்த ஒரு நினைவு நடையின் முடிவில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, அக்காமாரே, தங்கச்சிமாரே, விடியக்காலம் அஞ்சரை மணிக்குக் கிளம்பி எங்களோடு நடந்து வந்த பிள்ளைகளே,

முதல்ல எல்லாரும் உக்காருங்க. செருப்பக் கழட்டிட்டு காலை நீட்டிக்கங்க. இங்க யாரும் யாருக்கும் பெரியவங்க இல்ல. தண்ணிக் குடம் பின்னால இருக்கு. நான் ரொம்ப நேரம் பேச மாட்டேன். பேசத் தெரிஞ்ச தோழர்கள் பலபேர் இருக்க என்னை நிறுத்தினதுக்குக் காரணம், செத்துப்போனவ என் அக்கா. அவ்வளவுதான்.

இன்னைக்கு நாம நடந்த தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கிளம்பும்போது வலது கைப் பக்கம் ஒரு மலை தெரிஞ்சதே, அதுக்குச் சஞ்சீவி மலைன்னு பேர். உயிர் கொடுக்கிற மூலிகைக்காகத் தூக்கிட்டுப் போன மலையில் ஒரு துண்டு இங்க விழுந்துச்சுன்னு கதை. வில்லிபுத்தூருக்குள்ள நுழையும்போது மடவார்வளாகத்தில் ஒரு சிவன் கோயில். சாமி பேர் வைத்தியநாதர். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாயா வந்து பிரசவம் பார்த்தாருன்னு கதை சொல்லுவாங்க. ஆக இந்த ரோட்டுக்கு ஒரு முனையில் மருந்து மலை, இன்னொரு முனையில் வைத்தியர் சாமி. நடுவுல இருக்கிற ஒரு காலனியில் என் அக்கா எட்டு மாசம் வகுத்தப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தா. என்ன நோய்னு சொல்ல ஆள் இல்ல.

அக்கா பேரை நடக்கும்போது நாம எல்லாரும் சொல்லிக்கிட்டே வந்தோம். அச்சில் வரும்போது பேர் போட வேண்டாம்னு அவ பிள்ளைகள் கேட்டிருக்காங்க. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. “அது பரம்பரை நோயாமே”ன்னு ஒரு வீட்டுக்காரங்க ஏற்கெனவே கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அதைப் பத்திப் பெறகு சொல்றேன்.

எங்க அம்மா சாகும்போது எனக்கு ஒன்பது வயசு. அக்காவுக்குப் பத்தொன்பது. அதுக்கு முன்னாலயே அவ சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறிக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா. தார் சுத்துறது, துணி மடிக்கிறது, சுருள் போடுறது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எங்கெங்கயோ இருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகுது. யாரோ ஒருத்தர் புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு ஆயுசு முழுக்கத் துணி மடிச்சவ என் அக்கா. அந்தக் காசில்தான் நான் படிச்சேன். அந்தக் காசில்தான் நான் இயக்கத்துக்கு வந்தேன், கூட்டத்துக்குப் போனேன், துண்டறிக்கை போட்டேன், மேடையில் ஏறினேன். அத்தான் செத்த பெறகு பதினோரு வருசம் தனியா நின்னு ரெண்டு பிள்ளைகளையும் வளர்த்தா.

ஒரு ஆடி மாசம் ஆரம்பிச்சது. “ஏ பிள்ள, வகுறு பொருமிக்கிட்டே கெடக்கு. ரெண்டு வாய் சோத்துக்கு மேல எறங்க மாட்டேங்குது”ன்னா. நான் என்ன சொன்னேன்? “கேஸா இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு”ன்னேன். அன்னைக்கு எனக்கு மதுரையில் ஒரு கூட்டம். பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். இதை நான் மறைக்க விரும்பல. பெண் உடல்மீது சாதி செலுத்தும் அதிகாரம் பற்றி அந்தக் கூட்டத்தில் முக்கால் மணிநேரம் பேசினேன். ஒரு பெண் உடம்பு என் வீட்டுக்குள்ள நின்னு எங்கிட்டப் பேசினதை நான் காதில் வாங்கல.

அடுத்த மாசம் அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும்னா. தறிச் செட்டில் பெண்களுக்கு ஒழுங்கான கக்கூஸ் கிடையாது. தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிக்கிட்டா. இடுப்பு வலி, அடிவயிற்றில் ஒரு கனம். பக்கத்துல ஒரு தனியார் டாக்டர்கிட்டப் போனா. அவர் தொட்டுக்கூடப் பார்க்காம அல்சர் மாத்திரை எழுதினார். இன்னொரு இடத்தில் “மாசத்தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்”ன்னாங்க. மூணாவது இடத்தில் பூச்சி மாத்திரை. கோடாங்கி ஒருத்தர் வேப்பிலை அடிச்சு, கயிறு மந்திரிச்சுக் கட்டினார். இவங்க யார் பேரையும் நான் சொல்லப்போறதில்ல. ஒரு ஆளைத் திட்டித் தீர்க்கிற விசயம் இல்ல இது. போன இடத்திலெல்லாம் அவ சொன்னதை முழுசா கேட்க ஒருத்தரும் இல்லங்கிறதுதான் விசயம். கேட்காதவங்க வரிசையில் முதல் ஆள் நான்.

மார்கழி வாக்கில் வயிறு வெளியே தெரிய ஆரம்பிச்சது. கை கால் எல்லாம் குச்சி குச்சியா வத்திப் போச்சு, வயிறு மட்டும் மேல வருது. அம்பத்து மூணு வயசு, புருசன் இல்லாத பொம்பளை. தெருவில் என்ன பேசியிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். தறிச் செட்டில் ஒரு அம்மா நேராவே கேட்டிருக்கு: “எத்தனாவது மாசம்?” அன்னையிலிருந்து அக்கா முந்தானையை ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனா. பஸ்ஸில் யாரும் உரசி, வயித்தைப் பாத்திரக்கூடாதுன்னு நடந்தே போனா, நடந்தே வந்தா. எங்கிட்டச் சொல்லல. அவ செத்த பெறகு மகள்தான் சொன்னா.

பங்குனியில் மூச்சு வாங்குச்சு. அப்பத்தான் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் நீர் கட்டியிருந்தது. ரெண்டு சினைப்பையிலும் கட்டி. இரத்தத்தில் சிஏ 125 என்று ஒரு சோதனை. 35க்குக் கீழே இருக்க வேண்டிய அளவு அக்காவுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மதுரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூணாம் நிலைன்னாங்க. மூணு தடவை கீமோ, பெறகு ஆபரேஷன், பெறகு மூணு தடவை கீமோ. பத்து மாசம் நல்லா இருந்தா. தலைமுடி திரும்ப வளர்ந்துச்சு. மறுபடி வந்துருச்சு. போன சித்திரையில் போயிட்டா.

இனி அந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த நடை.

சினைப்பை என்பது கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற, பெரிய வாதுமைக் கொட்டை அளவிலான உறுப்பு. கருமுட்டை அங்கேதான் உண்டாகிறது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் இருப்பதால் அதில் வளரும் கட்டி வெளியே தட்டுப்படாது. மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தெரியும். கர்ப்பப்பை வாயில் வந்தால் பெரும்பாலும் இரத்தப்போக்கு காட்டிக் கொடுக்கும். சினைப்பைக் கட்டிக்கு அப்படி ஒரு தனிக் குரல் கிடையாது. அது வயிற்றின் குரலில்தான் பேசும். பல நேரங்களில் அது சினைப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் முனையில்தான் தொடங்குகிறது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அங்கிருந்து உதிரும் செல்கள் வயிற்றறை முழுக்க விதை தூவினாற்போல் விழுந்து முளைக்கின்றன. அதனால்தான் நீர் கட்டுகிறது. அதனால்தான் பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாம் நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பு, கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் அடுத்தது இது. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் சுமார் 47 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்திருக்கிறது. 32 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் சாதி கிடையாது. எத்தனை பேர் கூலிக்காரிகள், எத்தனை பேர் சேரிக்காரிகள், எத்தனை பேர் நோய்க்குப் பேர் தெரியாமலே வயிறு வீங்கிச் செத்தார்கள் என்று அதில் எழுதியிருக்காது. நோய்க்குச் சாதி இல்லை, உண்மை. ஆனால் நோயாளி டாக்டர் முன்னால் எத்தனை நிமிடம் உட்கார முடியும் என்பதற்குச் சாதி உண்டு.

நாலு அறிகுறிகளை மனசில் வச்சிக்கங்க. வயிறு உப்பிப் பொருமிக்கிட்டே இருக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சு போறது. அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி. அடிக்கடி, அவசரமா ஒண்ணுக்குப் போறது. இந்த நாலும் எல்லாருக்கும் எப்பவாவது வரும். அதனால் பயந்து ஓட வேண்டாம். ஆனால் புதுசா வந்து, ரெண்டு மூணு வாரமா ஏறக்குறைய தினமும் இருந்தா, அதுவும் அம்பது வயசு தாண்டினவங்களுக்கு இருந்தா, ‘கேஸ்’னு விடாதீங்க. தீட்டு நின்ன பெறகு திரும்பவும் இரத்தம் பட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட, “அடிவயிற்று ஸ்கேன் எடுக்கணுமா? சினைப்பையைப் பாக்கணுமா?”ன்னு வாயைத் திறந்து கேளுங்க. சிஏ 125 மட்டும் வச்சு முடிவு பண்ணவும் முடியாது. வயிற்றுக் காசநோயிலும் அது ஏறும். வேற சாதாரணக் காரணத்திலும் ஏறும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

அப்ப எல்லாப் பெண்களுக்கும் வருசா வருசம் சோதனை பண்ணிட்டாப் போதாதான்னு நடந்து வரும்போது ஒரு கல்லூரித் தங்கச்சி கேட்டுச்சு. நல்ல கேள்வி. இங்கிலாந்தில் 2001 முதல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பல வருடம் இதைச் செய்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. நோய் அறிகுறி இல்லாத பெண்களுக்கு வருடந்தோறும் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் செய்ததால் சாவு குறையவில்லை. ஆகவே எல்லாருக்குமான சோதனை என்று இன்றுவரை ஒன்று இல்லை. கர்ப்பப்பை வாய்க்கு எடுக்கும் சோதனை இதைக் காட்டாது. இது நல்லா இருக்குன்னா அதுவும் நல்லா இருக்குன்னு நினைக்கக் கூடாது.

நான் உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அறிகுறி தெரிஞ்சிட்டா எல்லாரும் பிழைச்சிருவாங்கன்னு சொல்ல முடியாது. முதல் நிலையில் கண்டுபிடிச்சவங்களில் பத்துக்கு ஒன்பது பேர் அஞ்சு வருசம் தாண்டுறாங்க. தூரத்துக்குப் பரவின பெறகு பத்துக்கு மூணு பேர்தான். ஆனா முதல் நிலையில் சிக்குறதே கொஞ்சப் பேர். எட்டு மாசத்துக்கு முன்னால தெரிஞ்சிருந்தா அக்கா பிழைச்சிருப்பாளான்னு மதுரையில் ஒரு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா”ன்னாங்க. நேர்மையான பதில். அதனால் நான் பிழைக்கிறது பத்தி மட்டும் பேசல. எட்டு மாசம் அவ வலியை ஒருத்தரும் நம்பல, எட்டு மாசம் அவ தன் வயித்தை மறைச்சிக்கிட்டு நடந்தா. அது நடந்திருக்க வேண்டியதில்ல. அதைத் தடுக்க ஆராய்ச்சி வேண்டாம், மெஷின் வேண்டாம். காது வேணும்.

இன்னொரு தப்பான எண்ணம். “கர்ப்பப்பையை எடுத்தாச்சு, இனி அங்க ஒண்ணும் வராது” என்று நம் தெருவில் பலபேர் சொல்கிறார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பையையும் எடுத்தார்களா என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் ஒரு சீட்டும் இருக்காது. சினைப்பை உள்ளே இருந்தால் இந்த நோயும் வரலாம். இதோடு சேர்த்து ஒன்றைப் பார்க்க வேண்டும். மராட்டியத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் 82 ஆயிரம் பேரிடம் 2019இல் விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. தீட்டு வந்தால் வேலை கெடும், கூலி போகும் என்று எடுத்தவர்கள் எத்தனை பேர்! பிகாரிலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்ததைப் பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். யோசித்துப் பாருங்கள். எடுக்க வேண்டாத உறுப்பை அவசரமாக எடுக்கிறார்கள். பார்க்க வேண்டிய உறுப்பை எட்டு மாதம் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே மனோபாவம்தான். நம் உடம்பு அவர்களுக்கு ஒன்று கூலிக்கு உதவும், இல்லை பில்லுக்கு உதவும்.

பரம்பரை என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த நோய் வந்த பெண்களில் பத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் பெற்றோர் வழியாக வந்த மரபணுக் கோளாறு காரணம். 1994, 1995ஆம் ஆண்டுகளில் அந்த இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அது தாய் வழியாகவும் வரலாம், தகப்பன் வழியாகவும் வரலாம். ஆண்பிள்ளைக்கும் இறங்கலாம். ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்புப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நோய் வந்த பெண்ணுக்கு முதலில் அந்தச் சோதனை செய்தால், அவள் மகளுக்கும் தங்கைக்கும் வழி தெரியும். அது உயிரைக் காக்கிற அறிவு. அதைப் பெண் பார்க்க வந்த இடத்தில் சாதகம் மாதிரி எடுத்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிறப்பை வைத்து ஒருத்தியைத் தள்ளி வைக்கிற வேலையை ரெண்டாயிரம் வருசமா எங்கமேல பண்ணினாங்க. அதே வேலையை நாம நம்ம பிள்ளைங்கமேல பண்ணக் கூடாது.

இப்ப தோழர்கள் சிலபேர் கேட்ட கேள்வி. “இது தர்ம காரியம். ரிப்பன் குத்திக்கிட்டு, உண்டியல் குலுக்கிக்கிட்டு நடக்கிறது பணக்காரங்க பொழுதுபோக்கு. நம்ம வேலை போராட்டம்தானே?” ஒரு மாசமா இதைப் பத்திச் சண்டை போட்டோம். அந்தச் சண்டை தேவையானதுதான்.

நினைவுக்காக நடக்கிறதும் ஓடுறதும் புதுசில்ல. கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற பையனுக்கு எலும்புப் புற்றால் 1977இல் ஒரு கால் போனது. 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவ, நின்றான். 1981இல் இறந்தான். அவன் பேரில் இன்றைக்கும் பல நாடுகளில் ஓடுகிறார்கள். நம் ஊருக்கு வாருங்கள். முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, அந்த இழிவையெல்லாம் தாண்டி டாக்டரானவர். 1923இல் அவர் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தச் சாவை முப்பத்தொரு வருடம் மனசில் வைத்திருந்து, 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்த இடம். அதிலேயே தன் வாழ்க்கை முழுவதையும் கொடுத்த டாக்டர் சாந்தா 2021இல் மறைந்தார். தங்கை செத்துப்போன ஒரு அக்கா செய்த காரியம் அது. அக்கா செத்துப்போன தங்கச்சி நான் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பதில் என்ன தப்பு?

நடப்பது நமக்குச் சும்மா கிடைத்த உரிமையும் அல்ல. வைக்கத்தில் 1924இல் போராடியது கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. மகாட்டில் 1927இல் அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய்க் குளத்துத் தண்ணியைத் தொட்டார். இதே நம்ம மாவட்டத்தில் 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பேரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாத் தலைவர்கள் பேரையும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்தார்கள். அந்த ரோட்டில்தான் இன்றைக்கு ஒரு பேண்டேஜ் தறித் தொழிலாளியின் பேரைச் சொல்லிக்கொண்டு அறுபது எழுபது பேர் வந்திருக்கிறோம். இதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

உடல்நலம் நம் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால், 1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் யார் என்று கேளுங்கள். அம்பேத்கர்தான். பெண்ணின் வயிற்றை அன்றைக்கே அவர் அரசாங்கத்தின் பொறுப்பாகப் பார்த்தார். நம்ம இயக்கம் பெண்ணின் வயிற்றைப் பற்றிக் கலப்பு மணத்துக்கும் மானத்துக்கும் மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அதற்குள் இருக்கிற வலியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறது. ஆண் தோழர்களைச் சொல்கிறேன், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு கதை இருக்கு. 1809இல் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்தது. இரட்டைக் கர்ப்பம் என்றார்கள். தேதி தாண்டியும் பிரசவம் ஆகவில்லை. எஃப்ரயிம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்து, இது சினைப்பைக் கட்டி என்றார். அந்தப் பெண் கட்டியைச் சேணத்தில் சாய்த்துக்கொண்டு அறுபது மைல் குதிரையில் போனாள். மயக்க மருந்து இல்லாத காலம். பத்துக் கிலோ எடையுள்ள கட்டியை எடுத்தார்கள். 1842 வரை உயிரோடு இருந்தாள். எங்க அக்காவிடம் “எத்தனாவது மாசம்?” என்று கேட்ட கேள்வி இருநூறு வருடத்துக்கு முன்னால் அவளிடமும் கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு மேல் கேளுங்கள். அந்த டாக்டர் அடுத்தடுத்துச் செய்த ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார். அவற்றில் அடிமைகளாக இருந்த கறுப்புப் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பேர் இல்லை. ஒரு ‘நீக்ரோப் பெண்’, அவ்வளவுதான். வெள்ளைக்காரப் பெண் பேர் புத்தகத்தில் நின்றது. கறுப்புப் பெண்களின் வலியில் மருத்துவம் கற்றுக்கொண்டது, பேரை விட்டுவிட்டது. நினைவு நடை எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

அதே சமயம் தர்மம் என்ற வார்த்தையில் தோழர்கள் எச்சரிக்கையாக இருப்பது சரி. உண்டியல் காசில் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டையால்தான் அக்காவுக்கு வைத்தியம் நடந்தது. அதை மறுக்கக் கூடாது. அட்டை இல்லாத வீடு நம் தெருவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, அட்டை கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தறிச் செட்டில், செங்கல் சூளையில், தோப்பில் வேலை செய்யும் பெண்களுக்கு அதுவும் இல்லை. அதற்கு மனு போடவும் வேண்டும், மறியல் செய்யவும் வேண்டும்.

ஆனால் அட்டை எல்லாவற்றுக்கும் பேசாது. ஆபரேஷனுக்குப் பேசும். வெளியில் எடுக்கும் முதல் ஸ்கேனுக்குப் பேசாது. மதுரைக்குப் போகிற பஸ்ஸுக்குப் பேசாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, ஒவ்வொரு தடவையும் கூட ஒரு ஆள் போகணும். அந்த ஆளுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. அக்கா மகன் அப்படித்தான் ஒரு வேலையை விட்டான். போன வருசம் எங்க தெருவுக்குப் பின்னால ஒரு அம்மா, துப்புரவு வேலை பார்க்கிறவங்க, ரெண்டு கீமோவோட நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டேன். “கூட வர ஆள் இல்ல தாயி”ன்னாங்க. மருந்து இலவசம், டாக்டர் இலவசம், படுக்கை இலவசம். துணைக்கு வர ஒரு மனுசன் இல்லாம வைத்தியம் நின்னு போச்சு.

அதனால் இன்னைக்குச் சேர்ந்த காசை என்ன செய்யுறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். மொத்தம் நாப்பத்தோராயிரத்துச் சொச்சம். கணக்கு நோட்டு முன்னால இருக்கு, யார் வேணும்னாலும் புரட்டிப் பாக்கலாம். இதில் மண்டபம் கட்டப் போறதில்ல, அக்காவுக்குப் படம் திறக்கப் போறதில்ல. இது முதல் ஸ்கேனுக்கும் பஸ்ஸுக்கும் துணைக்குப் போறவங்க கூலிக்கும் மட்டும். காசு தீர்ந்தா ஆள் இருக்கோம். துணைக்கு வர்றோம்னு இப்பவே பதினாலு பேர் பேர் கொடுத்திருக்காங்க. அதில் ஆறு பேர் ஆண் தோழர்கள். அதை நான் ஒரு போராட்டமாத்தான் பாக்குறேன். தம்பிமாரே, ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்களோட உக்காந்திருங்க. எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காத பாடம் அங்க கிடைக்கும்.

உலகம் முழுக்க 2013லிருந்து மே 8ஆம் தேதியை இந்த நோய்க்கான நாளாக வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிறமும் உண்டு. உங்கள் சட்டையில் குத்தியிருக்கிற ரிப்பன் அதுதான். கடையில் கேட்டப்ப, “மயில்கழுத்து கலரா?”ன்னார் கடைக்காரர். ஆமா, அதேதான். அக்காகிட்ட இருந்த ஒரே பட்டுச்சேலை அந்த நிறம். என் கல்யாணத்துக்கு எடுத்தது. நம்ம கொடி நீலத்துக்கு அது பக்கத்துச் சொந்தம்.

கடைசியா ஒண்ணு. அக்கா போறதுக்கு நாலு நாளைக்கு முன்னால பேசிக்கிட்டிருந்தப்ப, “நீ ஊர் ஊரா மைக்கில பேசுறியே, இந்த வகுத்து நோவப் பத்தி என்னைக்காவது பேசியிருக்கியா?”ன்னு கேட்டா. கோவத்துல கேக்கல. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டா. என்னால பதில் சொல்ல முடியல. இன்னைக்குப் பேசிட்டேன். இது ரெண்டு வருசம் லேட்.

வீட்டுக்குப் போனதும் உங்க அம்மாகிட்ட, பெரியம்மாகிட்ட, அக்காகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: “சாப்பாடு எறங்குதா? வகுறு எப்படி இருக்கு?” அவங்க “ஒண்ணுமில்ல”ன்னுதான் சொல்லுவாங்க. எந்திரிச்சுப் போயிராதீங்க. பக்கத்துல உக்காந்து ரெண்டாம் தடவை கேளுங்க.

ராஜபாளையம் திரும்புறவங்களுக்கு ஒன்பதரைக்கு பஸ் இருக்கு. போறதுக்கு முன்னால துணைக்கு வர்றவங்க நோட்டுல பேரை எழுதிட்டுப் போங்க.